அஞ்சலி பதினாலு

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரியை முதலாளி கொடுத்தார். போன வருடம் ஒரு விதைக் கம்பெனிக்காக எங்கள் பிரஸ்ஸில் அடித்தது. ஜூலை மாதத்தை முப்பது நாளோடு முடித்துவிட்டோம் என்று கம்பெனிக்காரர் மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பிழை பார்த்தது நான். "ஒன் தப்ப நீயே எழுதித் தீரு குணவதி" என்று ஒன்றை என் மேசையில் போட்டார் பொன்னுச்சாமி முதலாளி. வாய் அதிகம், மனசு கெட்டதில்லை.

முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறது. குணவதி. பி பாசிட்டிவ். தம்பி நவநீதன். அவனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அம்மா போகும்போது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. கட்டிக்கொண்டவன் மூன்றே வருடத்தில் என்னை விட்டுவிட்டுப் போனான். அதற்கு நான் ஒரு நாள்கூட அழவில்லை.

இன்றைக்கு வேலை: கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நான்கு, பிறந்தநாள் இரண்டு, காதணி விழா ஒன்று. அஞ்சலி நான்கும் வயசாளிகள்.

சாயங்காலம் நூர்ஜஹான் அக்காவின் தையல் கடையில் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். போன வாரம் பழக்கடைப் பக்கம் ஒரு பையனை வெட்டிவிட்டார்கள் அல்லவா, அதைப் பற்றித்தான். தெரு முனையில் இரும்பு கேட் போட்டுப் பூட்ட வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்பது நூர்ஜஹான் அக்கா கட்சி. "பிள்ளைய டியூசனுக்கு அனுப்பிட்டு வாசல்லயே நிக்கிறேன். மதுரை முன்ன மாதிரியா இருக்கு?" மின்வாரியத்தில் ரிட்டையர் ஆன கிருபாகரன் சார் எதிர்க்கட்சி. "எங்க காலத்துல வெட்டுக்குத்தே இல்லையாக்கும்? அப்ப வாட்ஸ்அப் இல்ல, அம்புட்டுத்தான்."

கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் போஸ்டர் போடுகிறவள் நான், எனக்குத்தான் தெரியுமாம். மே மாதம் எழுபத்தொரு அஞ்சலி, அதில் 'அகால மரணம்' என்று போட்டது ஐந்து என்றேன். "அஞ்சா! யா அல்லா!" என்றார் அக்கா. "பாத்தீங்களா, அஞ்சுதான்" என்றார் சார். அந்த ஐந்திலும் இரண்டு பைக் விபத்து. வெட்டுப்பட்டுச் செத்தவன் வீட்டில் சிலர் 'இயற்கை எய்தினார்' என்றே போடச் சொல்கிறார்கள், ஊர் பேசக்கூடாதென்று. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எனக்கு இரும்பு கேட் வேண்டாம், கேமராவும் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். யார் எத்தனை மணிக்கு வருகிறார், போகிறார் என்று அடுத்தவன் பார்த்துக்கொண்டிருப்பது நன்றாகவா இருக்கிறது?

நவநீதன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

'ரெடி' ஃபோல்டரைப் பற்றி எழுதி வைக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் வட்டச் செயலாளர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்சிக்காரர்களே வந்து, "அஞ்சலி ரெடியா இருக்கட்டும்மா, தேதி மட்டும் பெறகு போட்டுக்கலாம்" என்றார்கள். அவர் நான்கு மணிக்குப் போனார், ஆறு மணிக்குப் போஸ்டர் சுவரில் இருந்தது. முதலாளிக்கு ஒரே குஷி. அதிலிருந்து யாராவது இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று காதில் விழுந்தால் நானே தயார் செய்து வைத்துவிடுவேன். படம் தேட வேண்டியதில்லை. ஊரில் பாதிப் பேர் பிறந்தநாள் போஸ்டருக்கு எங்களிடம் வந்தவர்கள்தான். மஞ்சளை எடுத்துக் கறுப்பைப் போட வேண்டும், கேக்கை எடுத்து விளக்கை வைக்க வேண்டும். அதே சிரிப்பு. கூலிங் கிளாஸ் போட்டவனைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதில்லை, நம்பர்தான். அஞ்சலி 1, அஞ்சலி 2. உயிரோடு இருக்கிறவன் பெயரைப் போட்டு வைக்க மனசு கேட்காது.

முதலில் கிழவர்கள்தான் இருந்தார்கள். போன தீபாவளிக்குப் பிறகு சின்னப் பையன்களும் இரண்டு மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஜாமீனில் வந்தவன், கேஸில் சாட்சி சொல்லப் போகிறவன். வெளியே வந்து எத்தனை நாள் தாங்குவான் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். நான் கேட்டுக்கொண்டு வந்து செய்துவிடுவேன். வேலை சுளுவாகும் என்றுதான்.

ஜூன் 11, புதன்

அஞ்சலி 9 போய்விட்டது. இருபத்துநான்கு வயது, பிரபு என்று பெயர். காலை ஒன்பதரைக்குப் பஸ் ஸ்டாண்டில் வைத்து வெட்டிவிட்டார்கள்.

பத்தே காலுக்கு அவன் சேக்காளிகள் ஆர்டர் கொடுக்க வந்தார்கள். ஒருவன் போனில் படம் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் திரையைத் திருப்பிக் காட்டிவிட்டேன். தேதி மட்டும்தான் போட வேண்டியிருந்தது. மூன்று பேரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"எப்பக்கா செஞ்சீங்க?"

"இப்பத்தான்."

"இப்பத்தான் எங்களுக்கே தெரியும்" என்றான் ஒருவன். நான் தேதியை அடித்தேன். ஐந்து நாள் முன்னால்தான் பிரபு இதே வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு, "நம்ம பெர்த்டே போஸ்டர்ல கலரா இருந்தேன்ல யக்கா" என்றான். அவன் தண்ணீர் குடிக்கும்போது ஃபைல் தயாராக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். அரிசி புடைத்தேன். மாவு அரைக்கக் கொடுத்தேன்.

நவநீதனோடு சண்டை. அவன் மார்க்கெட்டில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான், வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜிம் ராஜன் பின்னால் திரிகிறான். போன மார்ச்சில் ராஜனுக்கு அடித்த பிறந்தநாள் போஸ்டரில் கீழ் வரிசையில் சின்னச் சின்ன வட்டத்துக்குள் ஆறு முகம். மூன்றாவது முகம் இவன். முதல் முகம் சித்திரைத் திருவிழாவுக்கு மறுநாள் போனது. இரண்டாவது முகம்தான் பிரபு.

"வரிசையாப் போகுதுடா, பாக்குறியா இல்லையா?" என்றேன்.

"நீதானக்கா அந்த வரிசையில வச்ச" என்று சிரிக்கிறான். எருமை. "ஆத்துக்கு அக்கரைக்காரய்ங்களுக்கும் எங்களுக்கும் பேசி முடிச்சாச்சு. இனி ஒண்ணும் வராது. நீ சும்மா பயந்து சாகாத."

பிறந்தநாள் போஸ்டரில் முகத்தைக் கீழே வைத்தது நான்தான். ராஜனிடமிருந்து வந்த பட்டியலில் இருந்த வரிசைப்படி வைத்தேன். என்னைச் சொல்லி என்ன?

ஜூன் 19, வியாழன்

பிரஸ்ஸுக்கு ஒரு பையன் வந்தான். பதினெட்டு வயதிருக்கும். நின்றான், காலண்டரைப் பார்த்தான், தண்ணீர் கேட்டான். பிறகு மெதுவாக, "அக்கா, எம் பேரு அதுல இருக்கா?" என்றான்.

"எதுல?"

"ஒங்க கம்ப்யூட்டருல. இருந்தா அழிச்சுருங்கக்கா. எங்க அம்மா ஒங்களப் பாத்துட்டு வரச் சொல்லுச்சு."

இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே போனான். ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது போலிருக்கிறது. டீக்கடையில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். சுவரொட்டும் அழகுமலை மட்டும்தான் வழக்கம்போல, "என்ன தாயி, சாப்ட்டியா?" என்றார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாளியும் மைதாப் பசையுமாக இருபது வருடம் இந்தச் சுவர்களோடு குடும்பம் நடத்துகிறார். ஒரு போஸ்டர்கூடக் கோணலாக ஒட்டியதில்லை.

அந்தப் பையன் போனபிறகு அஞ்சலி 14 செய்தேன். சும்மா, அளவு சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான். யார் படம் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மறைத்து என்ன ஆகப்போகிறது, இதைப் படிக்கப் போகிறவள் நான்தானே. பதினாலு நவநீதன்.

நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்தால் ராஜனின் ஆட்கள்தான் வருவார்கள், கையில் அரிவாள் வைத்த மாதிரி படத்தைக் கொடுப்பார்கள், 'மாவீரன்' என்று போடச் சொல்வார்கள். அந்த நேரத்தில் என்னால் சண்டை போட முடியுமா? அதனால் நல்ல படமாக நானே எடுத்து வைத்தேன். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு முடி வளர்ந்திருந்தபோது எடுத்தது. காது கொஞ்சம் தூக்கி நிற்கும், ஆனால் அம்மா ஜாடை அதில்தான் இருக்கிறது. 'தோற்றம்' என்று அவன் பிறந்த தேதி போட்டேன். 'மறைவு' என்று போட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டேன். யார் போட்டது என்று கீழே பெயர் போடவில்லை. எங்கள் பிரஸ் பெயரையும் போடவில்லை. நான் வேலை பார்க்கிற இடத்துப் பெயரோடு அவன் சாவு வேண்டாம்.

செய்து முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனுக்கு இதைச் செய்துவிட்டு நான் போய் இட்லிக்கு ஊறப்போட்டேன்.

ஜூன் 28, சனி

நவநீதன் முன்கையில் நீளமாக ஒரு காயம். தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுத்ததாம். மஞ்சள் வைத்துக் கட்டினேன். கயிறுதான் அறுத்திருக்கும்.

சாயங்காலம் மறுபடியும் கூட்டம். கை தூக்கி முடிவு செய்வோம் என்றார்கள். நான் எழுந்து நன்றாகப் பேசினேன். ஜூன் மாதம் இதுவரை அறுபத்துமூன்று அஞ்சலி, அதில் அறுபது பேர் வயசாகிப் போனவர்கள், சும்மா பீதியைக் கிளப்பாதீர்கள், கேட்டைப் பூட்டினால் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்றெல்லாம் கேட்டேன். கிருபாகரன் சார் கை தட்டினார். கேட் வேண்டாம் என்று பதினாலு கை, வேண்டும் என்று பத்துக் கை.

நூர்ஜஹான் அக்கா கலையும்போது என் பக்கத்தில் வந்து, "குணா, ஒன் தம்பி கையில என்ன கட்டு?" என்று கேட்டார். கயிறு என்றேன். "சரி" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. முதலாளி கண் ஆபரேஷன் செய்து பச்சைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் வேறு இல்லை. பதினொரு மணிக்குப் போன் செய்தார். நெசவுக்காரத் தெருப் பெரியவர் போய்விட்டார், ரெடி செய்து வைத்திருந்தாயே, நம்பர் என்ன என்றார். சொன்னேன். தன்னால் தேதி போட முடியாது, அப்படியே மெயிலில் அச்சுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

எழுத்து கோணுகிறது.

விடிந்ததும் கதவைத் தட்டியது அழகுமலை. கையெல்லாம் பசை. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே குந்திவிட்டார். "தாயி, எங்கையாலயே ஒட்டும்படி ஆயிருச்சே. மொத போஸ்டரப் பிரிக்கையிலயே மொகத்தப் பாத்தேன். ஒட்டமாட்டேன்னு வச்சிட்டு, பெறகு, ஒந்தம்பிக்குக் கடைசியா நான் செய்யிறது இதானேன்னு எல்லாத்தையும் ஒட்டிட்டு வாரேன். நூத்தம்பதும் ஒட்டிட்டேன்" என்று அழுதார்.

எனக்குப் புரிவதற்குள் நூர்ஜஹான் அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். கிருபாகரன் சார் மாலையோடு வந்தார். சாமியானாக்காரர்கூட வந்துவிட்டார். தெருவே வாசலில். அப்போது உள்ளேயிருந்து நவநீதன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் பிரஷ்ஷோடு, "என்னக்கா சத்தம்?" என்று வந்தான்.

யாரோ ஒருவர் வீலென்று கத்தினார். யாரோ ஒருவர் சிரித்தார். கிருபாகரன் சார் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"யாரோ விளையாட்டுக்குச் செஞ்சிருக்காய்ங்க" என்றார் சார்.

"விளையாட்டா?" என்றார் நூர்ஜஹான் அக்கா. அவர் போனில் போஸ்டரைப் படம் எடுத்து வைத்திருந்தார். "மறைவுன்னு போட்டுத் தேதி இல்ல, பாருங்க. போட்டது யாருன்னும் இல்ல, அடிச்சது யாருன்னும் இல்ல. தேதிய அவய்ங்க எழுதப் போறாய்ங்க."

ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். உயிரோடு நிற்கிறவனைச் செத்தவனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். நவநீதன் நுரையைத் துப்ப மறந்துபோய் நின்றான். அந்த முகத்தை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

நான் சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். எந்த வாயால் சொல்வது? 'நீ சாவாய் என்று நான்தான்டா செய்து வைத்தேன்' என்றா? தெரு முழுக்க நிற்கிறது. அதற்குள் அவனுக்கு ராஜன் போன் செய்துவிட்டான். "அக்கரைக்காரய்ங்கதான்" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அழகுமலையைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யார்ட்டயும் சொல்லிறாதீங்கண்ணே. நானே அவன்ட்ட சொல்லிக்கிறேன்."

"நீ சொல்றவரைக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன் தாயி. ஆனா வெரசாச் சொல்லிரு."

முதலாளிக்குப் போன் செய்தேன். நான் பதினேழு என்று சொன்னேன், நீங்கள் எப்படிப் பதினாலை அனுப்பலாம் என்று கத்தினேன். "நீதானம்மா பதினாலுன்ன. ரெண்டு வாட்டி கேட்டேன்ல" என்றார் அவர். "வெளிய சொல்லாத, பிரஸ்ஸக் கொளுத்திருவாய்ங்க." கண் தெரியாத மனிதர், காதும் கேட்கவில்லை. 

ஜூலை 3, வியாழன்

நவநீதன் வரவில்லை. போன் அணைத்திருக்கிறது. 'வீட்டுக்கு வா, ஒரு விஷயம் சொல்லணும்' என்று மெசேஜ் அனுப்பினேன். என்ன விஷயம் என்று எழுதவில்லை. அவன் போனை யார் யாரோ எடுத்துப் பார்ப்பார்கள்.

கைக்கு எட்டிய போஸ்டரையெல்லாம் கிழித்தேன். அழகுமலை ஒட்டினால் லேசில் வராது. நகத்தால் சுரண்டினேன். முகத்தில் பாதி வந்தது, கண் சுவரிலேயே இருந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

கிருபாகரன் சாரே இப்போது கேட் வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். என்னிடம் வரவில்லை.

இன்று வந்தால் சொல்லிவிடுவேன்.

ஜூலை 4, வெள்ளி

அழகுமலையை வெட்டிவிட்டார்கள். பட்டப்பகல், பதினொரு மணி, பஸ் ஸ்டாப் சுவர். வாளி கையிலேயே இருந்ததாம்.

ஜூலை 5, சனி

காலை ஆறு மணிக்கு நவநீதன் வந்தான். குளித்தான். புதுச்சட்டை எடுத்துப் போட்டான். இட்லி வைத்தேன்.

"இன்னைக்கு வெளியூர்க் கோர்ட்டுல போயி ஆஜராகுறோம்க்கா. வக்கீல் ஏற்பாடு பண்ணியாச்சு. நீ பயப்படாத."

நான் சட்னி ஊற்றினேன்.

"போஸ்டர அக்கரைக்காரய்ங்கள்ல எவன் குடுத்தான்னு அந்தாளுகிட்ட கேட்டோம். அம்புட்டுத்தான் கேட்டோம். பேர மட்டும் சொல்லிட்டுப் போன்னு ராஜண்ணன் தன்மையாத்தான் சொன்னாரு. அந்தாளு சொல்லவே இல்லக்கா. வாளியப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. திருப்பித் திருப்பி ஒரே வார்த்தைதான்."

"என்ன வார்த்தை?"

"'ஒங்கக்கா வந்து சொல்லும், ஒங்கக்காவக் கேளு'ன்னு." தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மத்தவய்ங்க முன்னால ஒன்னப் போயி இழுக்குறான். அதுவரைக்கும் நான் சும்மாதான்க்கா நின்னேன். அந்த வார்த்தையிலதான் எனக்கு வெறி வந்துருச்சு."

கரண்டி கீழே விழுந்தது. எடுத்தேன்.

"எதுக்குக்கா அந்தாளு ஒன்னய இழுத்தான்?"

"இன்னும் ரெண்டு வைக்கவா?" என்றேன்.

நான்கு இட்லி சாப்பிட்டான். சட்னி நன்றாயிருக்கிறது என்றான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். உள்ளே இருந்தால் அவனை யாரும் தொட முடியாது, உயிரோடு இருப்பான் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம் சந்தோஷம்கூட வந்தது. தூ.

ஜூலை 7, திங்கள்

அழகுமலையின் மனைவி சீதாலட்சுமி பிரஸ்ஸுக்கு வந்தது. "எல்லாருக்கும் ஒட்டுனாரு. அவருக்கும் ஒண்ணு போட்டுருவோம்மா" என்றது. அவர் படம் எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. பிறந்தநாள் என்று அவர் எதையும் கொண்டாடியதில்லை. ஓட்டு அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கினேன். மங்கலாகத்தான் வந்தது.

ஒட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் பயப்படுகிறார்கள். நானும் சீதாலட்சுமியும் மைதா காய்ச்சி எடுத்துக்கொண்டு போய் ஒட்டினோம். எனக்கு முடிச்சு முடிச்சாகப் பசை நின்றது. அது பேசாமல் துணியை வைத்து நீவிவிட்டது. ஏழாவது சுவரில் என்னிடம் கேட்டது:

"கடைசி வரைக்கும் யாரு குடுத்தாங்கன்னு சொல்லலையாமே. யாரக் காப்பாத்துனாரு?"

"என்னை" என்றேன். நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோல்டர், நம்பர், நான் வாங்கிய வாக்கு, இரண்டு நாள் சொல்லாமல் கிடந்தது.

இங்கே எழுதாத ஒன்றையும் சொன்னேன். முதலாளி நம்பர் கேட்டபோது பதினாலு என்றுதான் சொன்னேன். காய்ச்சலில் கண்ணை மூடினால் அந்த ஒரு நம்பர்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதும் அதுதான் வாயில் வந்தது. இரண்டாம் முறை கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

சீதாலட்சுமி வாளியைக் கீழே வைத்தது. அடிக்கும் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றிருந்தது. பசைக் கையைத் துணியில் துடைத்தது.

"ஒந்தம்பிக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"போயிச் சொல்லு. எதுக்கு வெட்டுனோம்னு அவன் தெரிஞ்சுக்கிட்டு உசுரோட கெடக்கட்டும்."

மிச்சச் சுவர்களுக்கு அது மட்டும் போனது. என்னை வர வேண்டாம் என்றுவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

தெரு முனையில் கேட் மாட்டிவிட்டார்கள். பச்சைப் பெயின்ட். கேமராவும் வைத்தாகிவிட்டது. கூட்டத்தில் ஒரு கைகூட எதிர்க்கவில்லை. ஊர் கெட்டுவிட்டது என்று இப்போது எல்லாரும் ஒரே பேச்சு. கிருபாகரன் சார்தான் சத்தமாகப் பேசினார். என்னிடம் கேட்டபோது நானும் ஆமாம் என்றேன்.

நூர்ஜஹான் அக்கா எனக்கு ஒரு சாவி கொடுத்தார். "இனிமே பயமில்ல குணா. வெளியாளு எவனும் உள்ள வர முடியாது" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். வெளியாள் யாரும் இதைச் செய்யவில்லையே அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும்.

'ரெடி' ஃபோல்டரை நேற்று அழித்தேன்.

ஜூலை 16, புதன்

மனு போட்டு, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, நவநீதனைப் பார்த்தேன். நடுவில் கம்பி வலை. பக்கத்தில் எல்லாரும் கத்திப் பேசுகிறார்கள், நாமும் கத்தினால்தான் கேட்கும்.

"என்னக்கா மெலிஞ்சுட்ட? ஒழுங்காச் சாப்புடு" என்றான். அவன் நன்றாகத்தான் இருக்கிறான். உள்ளே மரியாதையாக நடத்துகிறார்களாம். அவனைக் குறி வைத்தவர்களுக்குப் பதிலடி கொடுத்தவன் என்று பேராம்.

சொன்னேன். கத்திச் சொன்னேன், வேறு வழியில்லை. முதலில் சிரித்தான். நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப அந்தாளு..." என்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்ப அந்தாளு நெசத்தத்தான்க்கா சொல்லிக்கிட்டிருந்தாரு."

"ஆமாடா."

அவன் விரல்கள் வலைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தன. தொடப் போனேன், இழுத்துக்கொண்டான். திட்டுவான், அழுவான் என்று காத்திருந்தேன். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேள்வி கேட்பானே, அந்தக் குரலில் கேட்டான்.

"அத எப்பக்கா செஞ்ச?"

"ஜூன் பத்தொம்பது."

"அன்னைக்கு மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தேன். மீன் கொழம்பு ஊத்துன."

"ஆமா."

"அன்னைக்கே நான் செத்துட்டனாக்கா ஒனக்கு?"

மணி அடித்துவிட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.